இங்கிலீஷ் டப்ல யாருக்கு எந்த கேரக்டர்னு யாருதான் முடிவு பண்றாங்க?

ராத்திரி_எபிசோட்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், கேள்வி கேக்கறது இதான் மொத தடவ.

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்ங்கற ஜப்பான் அனிமேயோட 2003 சீரிஸ இங்கிலீஷ் டப்ல பாத்து முடிச்சிட்டு கையோட அதே கதைய மறுபடியும் புதுசா எடுத்த ப்ரதர்ஹுட் சீரிஸ ஆரம்பிச்சோம், நானும் என் தங்கச்சியும். அண்ணன் எட்வர்ட் குரல் அதேதான். ஆனா தம்பி அல்போன்ஸ் பேச ஆரம்பிச்ச உடனே தங்கச்சி ரிமோட்ட எடுத்து நிறுத்திட்டா. "இது அல் இல்லண்ணே"ன்னா. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, அல்போன்ஸுக்கு முகமே கெடையாது, கண்ணு கலங்காது, உதடு நடுங்காது, வெறும் இரும்புக் கவசம். உள்ள ஒரு சின்னப் பையன் இருக்கான்னு நமக்குத் தெரியறதே அந்தக் குரலாலதான். அதப் போயி ஏன் மாத்தணும்?

அன்னிலேர்ந்து இதே யோசனையா இருக்கு. இந்த காஸ்டிங்க யாரு பண்றாங்க? ஜப்பான் குரலப் போட்டுக் கேட்டுட்டு அதே மாதிரி குரல் தேடுவாங்களா, இல்ல அத கண்டுக்கவே மாட்டாங்களா? ஏன்னா டிராகன் பால் ஹீரோ கோகுவ எடுத்துக்கோங்க, ஜப்பான்ல மசாகோ நொசாவா அம்மா பேசறாங்க, கீச்சுன்னு ஒரு குரல், இங்கிலீஷ்ல ஷான் ஸ்கெம்மல் நல்லா கனமான ஆம்பளக் குரல்ல பேசறார், ரெண்டும் ஒரே ஆளுன்னு சொன்னா நம்பவே முடியல. ஜப்பான்காரங்க இதுக்கெல்லாம் ஓகே சொல்லணுமா, அவங்களுக்கு எவ்ளோ தூரம் கை இருக்கு இதுல? அப்புறம் டைரக்டர் மியாசாகியோட ஸ்டுடியோ ஜிப்ளி படம்னா மட்டும் ஏன் ஹாலிவுட் ஸ்டார்ஸ் வந்துடறாங்க?

தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க, நீளமா இருந்தாலும் படிப்பேன்.

---

கவசம்12

ப்ரோ, அல்போன்ஸ் மேட்டர் எனக்குத் தெரியும். யாரும் வேணும்னு மாத்தல. 2003 சீரிஸ டப் பண்றப்ப அல்போன்ஸுக்குப் பேசினது ஆரன் டிஸ்மியூக், அப்ப அவருக்கு 12 வயசு சுமார்தான் இருக்கும். நெஜமாவே சின்னப் பையன். அதனாலதான் உங்க தங்கச்சிக்கு அந்தக் குரல் அவ்ளோ ஒட்டிக்கிச்சு, பெரியவங்க யாரும் சின்னப் பையன் மாதிரி நடிக்கல, ஒரு பையனே கவசத்துக்குள்ளேர்ந்து பேசறான். ப்ரதர்ஹுட் டப் வர்றதுக்குள்ள அவருக்கு 17 வயசாயிடுச்சு, குரல் உடைஞ்சிடுச்சு. என்ன பண்ண முடியும்? மேக்ஸி வைட்ஹெட்னு ஒரு நடிகை அந்த ரோல எடுத்தாங்க. அவங்க நல்லாதான் பண்ணிருக்காங்க, ஒரு பத்து எபிசோட் தாண்டிப் பாருங்க, காது பழகிடும்.

ஆனா டிஸ்மியூக்க அவங்க விட்டுடல. அதே ப்ரதர்ஹுட்ல இளவயசு ஹோஹென்ஹைமுக்கு அவர்தான் குரல். அல்போன்ஸா பேசின பையன் வளந்து அல்போன்ஸோட அப்பாவா பேசறான். இத யோசிச்சவங்க யாரோ, அவங்க கால்ல விழலாம்.

ஜப்பான்ல இந்த சிக்கலே வரல, ஏன்னா அங்க ரெண்டு சீரிஸ்லயும் அல்போன்ஸ் ரியே குகிமியா, எட்வர்ட் ரோமி பார்க், ரெண்டு பேருமே பெண்கள். பசங்க ரோலுக்கு லேடீஸ் பேசறது அங்க ரொம்ப காலமா இருக்கற வழக்கம், குரல் உடையற பிரச்சனையே இல்ல பாருங்க, பல வருஷம் ஓடற சீரிஸ்க்கு அது பெரிய விஷயம். இங்கிலீஷ்லயும் இப்ப அப்படித்தான் நிறைய. நருட்டோ மைலி ஃப்ளானகன், லூஃபி காலீன் க்ளிங்கன்பியர்ட்.

கோகு கதை வேற. நொசாவா அம்மா 1986ல சின்னப் பையன் கோகுவுக்குப் பேச ஆரம்பிச்சாங்க, கோகு வளந்தாலும் அதே குரல்லயே தொடர்ந்தாங்க, ஜப்பான் ரசிகர்களுக்கு அந்தக் குரலும் கூடவே வளந்துடுச்சு. அமெரிக்கால பெரும்பாலானவங்களுக்குக் கோகு அறிமுகமானதே டிராகன் பால் ஸீலதான், அதுல எடுத்த எடுப்புலயே அவன் ஒரு புள்ளைக்கு அப்பா. அந்த உடம்ப மட்டும் பாத்துட்டு ஒருத்தர் குரல் தேடினா ஆம்பளக் குரலத்தான் தேடுவாங்க. சின்ன கோகுவ டப் பண்றப்ப ஃபனிமேஷன்ங்கற டப் கம்பெனி ஸ்டெஃபனி நடோல்னிங்கற நடிகையதான் போட்டாங்க.

---

டெஸ்க்_ஓரம்

தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க. நான் ரெக்கார்டிங் பக்கம் வேலை பாக்குறவன், அனிமே இல்ல, டாக்குமென்டரி, தொடர் டப்பிங்தான், ஆனா வேலை முறை பெருசா வித்தியாசம் கெடையாது, இங்கிலீஷ் அனிமே டப் எப்படிப் பண்றாங்கன்னும் ரொம்ப வருஷமா கவனிச்சிட்டு வர்றேன். தெரிஞ்சத சொல்றேன்.

இங்கிலீஷ் டப்ல காஸ்டிங்கோட மையம் ஏடிஆர் டைரக்டர், அதாவது டப்பிங் ரெக்கார்டிங்க நடத்தற டைரக்டர். அவர்தான் மொத்த கதையையும் முன்கூட்டியே பாத்துட்டு, எந்த கேரக்டர் எங்க போயி நிக்கப் போறான்னு தெரிஞ்சுகிட்டு, ஆடிஷனுக்கு வசனத்துண்டு பிரிச்சுக் குடுப்பார். ஒரு கேரக்டருக்கு நாலஞ்சு துண்டு இருக்கும், ஒண்ணு சாதாரணமா பேசறது, ஒண்ணு கோவம், ஒண்ணு உடைஞ்சு போற எடம், ஒண்ணு கத்தறது. முக்கிய ரோலுக்கு ரெண்டு மூணு பேர சுருக்கி வச்சு ஜப்பான்ல உரிமை வச்சிருக்கறவங்களுக்கு அனுப்பறது உண்டு, அவங்க கேட்டுட்டு இவரே இருக்கட்டும்னு சொல்றதும் உண்டு, இல்ல வேற பாருங்கன்னு சொல்றதும் உண்டு. எல்லா தயாரிப்புக்கும் ஒரே அளவுல இது நடக்காது, சிலர் ஒவ்வொரு குரலையும் கேப்பாங்க, சிலர் உங்க இஷ்டம்னு விட்டுடுவாங்க. சின்ன ரோல், கூட்டத்துல பேசற குரல் இதெல்லாம் டைரக்டர் ஆடிஷன் கூட வைக்க மாட்டார், நேரா ஃபோன் பண்ணிக் கூப்பிட்டுடுவார், நாளைக்கு ரெண்டு மணி நேரம் வர முடியுமான்னு.

இப்ப நீங்க கேட்ட முக்கியமான விஷயம், ஜப்பான் குரல் மாதிரியே தேடுவாங்களா. கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க. ஆனா நல்ல டைரக்டர் அந்தக் குரலோட சத்தத்தத் தேட மாட்டார், அந்த ஜப்பான் நடிகர் என்ன முடிவு எடுத்து நடிச்சிருக்கார்ங்கறதத் தேடுவார். கவ்பாய் பீபாப் எடுத்துக்கோங்க. ஸ்பைக்குக்கு ஜப்பான்ல கோய்ச்சி யமதேரா, இங்கிலீஷ்ல ஸ்டீவ் ப்ளம், டைரக்ட் பண்ணது மேரி எலிசபெத் மெக்ளின். ப்ளம் குரல் இன்னும் கீழ, கொஞ்சம் கரகரன்னு இருக்கும், சத்தத்த மட்டும் வச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா ஸ்பைக்கோட அலட்சியம் இருக்கு பாருங்க, எதுவும் தன்னத் தொடாத மாதிரி பேசறது, அடியில ஏதோ ஒண்ணு வலிக்கறது, அது ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. டப்னாலே மூஞ்சிய சுளிக்கறவங்க கூட அதுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அப்புறம் வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாத ஒண்ணு. குரல் நல்லா இருந்தா மட்டும் பத்தாது, பூத்துக்குள்ள வேலை செய்யத் தெரியணும். காதுல மூணு பீப் வரும், நாலாவது பீப் வர வேண்டிய எடத்துல பேச ஆரம்பிக்கணும், எதிர்ல ஸ்க்ரீன்ல வாய் ஆடிட்டு இருக்கும், அந்த வாய் ஜப்பான் மொழிக்கு ஆடினது, அதுக்குள்ள இங்கிலீஷ் வாக்கியத்த அடைக்கணும், அடைச்சா மட்டும் பத்தாது, அழணும், சிரிக்கணும். பக்கத்துல கூட நடிக்க ஆள் கெடையாது. ஜப்பான்ல அஃப்ரெகோன்னு சொல்லுவாங்க, ஒரே ரூம்ல எல்லாரும் உக்காந்துட்டு, முறை வர்றப்ப மைக் முன்னாடி எந்திரிச்சு வந்து பேசுவாங்க, ஒருத்தர் கோவத்த இன்னொருத்தர் நேரா வாங்கிப்பார். இங்கிலீஷ் டப்ல ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து பேசிட்டுப் போயிடுவாங்க. ஒரு சண்டைல இவன் திங்கக்கிழமை கத்திருப்பான், அவன் அடுத்த வாரம் பதில் கத்துவான். ஹீரோயினுக்கும் ஹீரோவுக்கும் பேசினவங்க அந்த சீரிஸ் முடியற வரைக்கும் ஒரு தடவ கூட பாத்துக்காம இருந்திருக்கலாம்.

இதுல நான் பட்ட ஒரு பாடு சொல்றேன். ஒரு தொடர், ரெண்டு அண்ணன் தம்பி ரோல். ரெண்டு பேரையும் தனித்தனியா ஆடிஷன்ல கேட்டோம், ரெண்டு பேருமே அருமை, எடுத்தாச்சு. நாலு எபிசோட் ரெக்கார்ட் பண்ணி மிக்ஸிங்ல உக்காந்து ரெண்டு ட்ராக்கையும் சேத்துப் போட்டுக் கேக்கறேன், யாரு பேசறான்னே தெரியல. அவ்ளோ ஒரே மாதிரி சுருதி. ஸ்க்ரீன்ல முகம் தெரியறப்ப பரவால்ல, முதுகக் காட்டிட்டுப் பேசற சீன்ல எல்லாம் ஒருத்தன் தனக்குத் தானே பேசிக்கற மாதிரி இருக்கு. ஆடிஷன் டேப்ப ஒண்ணா வச்சுக் கேட்டிருக்க வேண்டியது என் வேலை, நான் கேக்கல. தம்பி ரோலுக்கு வேற ஆளப் போட்டு நாலு எபிசோடையும் திருப்பிப் பண்ணோம், மொதல்ல பேசின பையன் முகத்த என்னால பாக்க முடியல, அவன் மேல ஒரு தப்பும் இல்லயே. அதுலேர்ந்து காஸ்டிங்னு சொன்னாலே எனக்கு ஒரு ஆளத் தேடறதா தோணாது, ஒரு கூட்டத்தத் தேடறதாதான் தோணும். உசந்த குரல் ஒண்ணு, மெல்லிசு ஒண்ணு, கனமா ஒண்ணு, நாலு பேர் ஒரே சீன்ல பேசினா கண்ண மூடிட்டு கூட பிரிச்சுக் கேக்கணும். ஜப்பான் குரல் மாதிரியே இருக்கற ஒருத்தர ஒதுக்கிட்டு வேற ஒருத்தர எடுக்கறதுக்கு பல தடவ இதுதான் காரணமா இருக்கும்.

---

சப்_போதும்

டெஸ்க் அண்ணே சொன்னது எல்லாம் சரி, ஆனா நடைமுறைல என்ன நடக்குது? டைரக்டருக்குத் தெரிஞ்ச பத்து பேருக்கே ஃபோன் போகுது. ப்ரைஸ் பாப்பன்புரூக் நல்ல நடிகர்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா எரனும் அவர்தான், கிரிட்டோவும் அவர்தான், ரின் ஒகுமுராவும் அவர்தான், இனோசுகேவும் அவர்தான். அட்டாக் ஆன் டைட்டன்ல எரன் உயிரக் குடுத்துக் கத்தறான், எனக்கு வாள் வச்சுகிட்டு ஆன்லைன் கேம் ஆடற கிரிட்டோ மூஞ்சிதான் ஞாபகம் வருது. கதைக்குள்ள போகவே முடியல. சப்ல, அதாவது ஜப்பான் குரல்லயே சப்டைட்டில் போட்டுப் பாக்கறப்ப, இந்தப் பிரச்சனை எனக்கு வந்ததே இல்ல.

---

கவசம்12

@சப்_போதும் நண்பா, சப்லயும் அதேதான் நடக்குது, உங்க காதுக்குப் பிடிபடல அவ்ளோதான். எரனுக்குப் பேசற யூகி காஜிதான் மை ஹீரோ அகாடமியாவுல டோடொரோகி. டீமன் ஸ்லேயர்ல டான்ஜிரோவுக்குப் பேசற நட்சுகி ஹனாயேதான் டோக்கியோ கூல்ல கனேகி. ஜப்பான் மொழி புரிஞ்சு வளந்தவங்க கிட்ட கேட்டா அவங்களும் இதே குறைய சொல்லுவாங்க. தெரியாத மொழில ஒருத்தர் குரல அடையாளம் புடிக்கறது கஷ்டம், தெரிஞ்ச மொழில ரெண்டு வார்த்தைலயே புடிச்சிடுவோம்.

---

சப்_போதும்

டோடொரோகியும் எரனும் ஒரே ஆளா? ஹனாயே விஷயம் தெரியும், ஆனா இது நெஜமா எனக்குத் தெரியாது. இப்பதான் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டேன், ஆமா. சரி, அந்த பாயிண்ட்ட ஒத்துக்கறேன். ஆனா புது ஆளுங்களுக்கு வாய்ப்பு வரணும்ங்கறதுல நான் மாறல.

---

தென்திசை

இங்க எல்லாரும் கலையப் பத்திப் பேசறீங்க, காசப் பத்தியும் ஊரப் பத்தியும் யாரும் பேசல. யாரு பேசப் போறாங்கங்கறதுல பாதி, டப் எந்த ஊர்ல நடக்குதுங்கறதுலயே முடிஞ்சு போயிடுது.

டிராகன் பால் ஸீயோட மொத இங்கிலீஷ் டப்புக்கு 1996ல கனடாவுல வான்கூவர் நடிகர்கள் பேசினாங்க, வெஜிட்டாவுக்கு ப்ரையன் டிரம்மண்ட். 1999ல ஃபனிமேஷன் அத டெக்சாஸ்ல தங்களோட சொந்த இடத்துலயே பண்ண ஆரம்பிச்சாங்க. அப்படியே மொத்த காஸ்டும் மாறிடுச்சு. கிறிஸ்டோபர் சபாட் வெஜிட்டா, பிக்கோலோ, யம்ச்சான்னு பல ரோல் அவரே பேசி, டைரக்ஷனும் பண்ணார். வான்கூவர் ஆளுங்க குரல் சரியில்லன்னா மாத்தினாங்க? இல்ல. ஊர் மாறிச்சு, கணக்கு மாறிச்சு, குரலும் மாறிச்சு. ஆனா ஒண்ணு, அப்ப பெருசா பேர் இல்லாத அந்த டெக்சாஸ் ஆளுங்கதான் இன்னிக்கு வரைக்கும் அந்த கேரக்டருங்களுக்கு அடையாளமா நிக்கறாங்க.

போக்கிமான் அதே கதை. 2006ல 4கிட்ஸ்ங்கற கம்பெனி கையிலேர்ந்து டப் வேலை போக்கிமான் கம்பெனி கைக்குப் போச்சு, அதுவரைக்கும் ஹீரோ ஆஷுக்குப் பேசின வெரோனிகா டெய்லர் போயி சாரா நடோசெனி வந்தாங்க. சாரா அதுக்கப்புறம் ஆஷ் கதை முடியற வரைக்கும் 2023 வரை பேசினாங்க, அது தனிப் பெருமை. ஆனா அந்த 2006ல சின்னப் புள்ளைங்க எல்லாம் டிவி முன்னாடி எப்படி முழிச்சிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

யூனியன் விஷயம் இன்னும் முக்கியம். அமெரிக்கால நடிகர்களுக்கு சேக்-ஆஃப்ட்ரான்னு யூனியன் இருக்கு. அதுல மெம்பரா இருக்கறவங்க யூனியன் ஒப்பந்தம் இல்லாத வேலைல சேரக் கூடாதுங்கறது அவங்க விதி. டெக்சாஸ் சட்டப்படி வேலைக்கு யூனியன்ல இருந்தே ஆகணும்னு கட்டாயப்படுத்த முடியாது, அங்க நடக்கற அனிமே டப்ல பெரும்பகுதி யூனியன் ஒப்பந்தம் இல்லாமதான் நடந்துட்டு வந்திருக்கு. 2022ல மாப் சைக்கோ 100 மூணாவது சீசன் வந்தப்ப இது வெடிச்சுது. ரெண்டு சீசன் லாஸ் ஏஞ்சலஸ்ல ரெக்கார்ட் ஆச்சு, ஹீரோ மாபுக்கு கைல் மெக்கார்லி பேசினார். மூணாவது சீசன க்ரஞ்ச்சிரோல்ங்கற அனிமே ஸ்ட்ரீமிங் கம்பெனி டெக்சாஸ்ல இருக்கற டல்லாஸுக்குக் கொண்டு போனாங்க. மெக்கார்லி என்ன சொன்னார்னா, இந்த சீசன் யூனியன் இல்லாமயே பேசித் தர்றேன், ஆனா இனிமே வர்ற வேலைக்கு ஒரு ஒப்பந்தம் முடியுமான்னு யூனியன்கூட ஒரு தடவ உக்காந்து பேசுங்கன்னார். சம்பளத்த ஏத்துங்கன்னு கூட கேக்கல, பேசுங்கன்னுதான் கேட்டார். அது நடக்கல, எர்னெஸ்டோ ஜேசன் லீப்ரெக்ட் அந்த ரோலுக்கு வந்தார். ரெண்டு சீசன் முழுக்க ஒரு பையன் மெதுவா மனசத் தொறக்கறத ஒரே குரல்ல கேட்டுட்டு, கடைசி சீசன்ல வேற குரல். புது நடிகர் மேல எனக்கு வருத்தம் இல்ல, அவர் வேலைய அவர் செஞ்சார். ஆனா இத காஸ்டிங் முடிவுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும், இது தொழிலாளி விஷயம்.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிக்கறேன். எவாஞ்செலியன். பழைய டப்ல ஹீரோ ஷின்ஜிக்கு ஸ்பைக் ஸ்பென்சர். 2019ல நெட்ஃப்ளிக்ஸ் அந்த சீரிஸ வாங்கினப்ப புதுசா டப் பண்ணி கேசி மொங்கிலோவப் போட்டாங்க. 2021ல கடைசிப் படம் அமேசான்ல வந்தப்ப திரும்பவும் ஸ்பைக் ஸ்பென்சரையே கூப்பிட்டாங்க. ஜப்பான்ல 1995லேர்ந்து 2021 வரைக்கும் ஷின்ஜி ஒரே ஆளு, மெகுமி ஒகாட்டா. இங்க யாரு வாங்கறாங்களோ அவங்க ஒரு ஷின்ஜி வச்சுக்கறாங்க.

---

டெஸ்க்_ஓரம்

@தென்திசை நீங்க சொன்னது நியாயம், நான் அத விட்டுட்டேன். ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், 2020ல கொரோனா வந்து ஸ்டுடியோ மூடினப்ப நடிகர்கள் வீட்டு அலமாரிக்குள்ள துணி நடுவுல மைக் வச்சுப் பேசி அனுப்பினாங்க. அது ஒரு கதவத் தொறந்துச்சு. அதுக்கு முன்னாடி டெக்சாஸ்னா டெக்சாஸ்ல இருக்கறவங்கதான், லாஸ் ஏஞ்சலஸ்னா அங்க இருக்கறவங்கதான், இப்ப ஒரே டப்ல ரெண்டு ஊர் ஆளுங்க சேந்து வர்றது சகஜமாயிடுச்சு. சப்_போதும் தம்பி கேட்ட புதுக் குரலுங்க வர்றதுக்கு இதுதான் பெரிய வழியா இருக்கும்னு நான் நம்பறேன். ஒவ்வொரு வீட்லயும் ரூம் சத்தம் வேற வேற மாதிரி இருக்கறதால எங்களுக்கு மிக்ஸிங்ல தலைவலிதான், பரவால்ல, அது எங்க பாடு.

---

நிலா_பக்கம்

ஜிப்ளி கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன் தம்பி.

ஸ்டார்ஸ் வர்றது அமெரிக்கால படத்த தியேட்டருக்குக் கொண்டு போறப்ப போஸ்டர்ல ஒரு பேர் வேணும்ங்கறதுக்காக, அது உண்மைதான். 1999ல ப்ரின்சஸ் மொனோநோகே இங்கிலீஷ்ல வந்தப்ப க்ளேர் டேன்ஸ், பில்லி க்ரூடப், மின்னி டிரைவர், ஜில்லியன் ஆண்டர்சன்னு வரிசையா ஹாலிவுட் பேருங்க. ஆனா ஜப்பான்லயும் மியாசாகி தொழில்முறை குரல் நடிகர்களத்தான் போடறார்னு நெனைக்காதீங்க. ஹவுல்ஸ் மூவிங் காசில் படத்துல ஹவுலுக்கு டக்குயா கிமுரா, அவர் பாப் ஸ்டார். 2013ல வந்த தி விண்ட் ரைஸஸ்ல ஹீரோவுக்குப் பேசினது ஹிதேயாகி ஆன்னோ, ஆமா, எவாஞ்செலியன் எடுத்த அதே டைரக்டர். வாழ்க்கைய ஒரே வேலைக்குக் குடுத்துட்ட ஒரு எஞ்சினியர், அதிகம் உணர்ச்சியக் காட்டாம தட்டையாப் பேசற மனுஷன், அதுக்கு நடிக்கத் தெரியாத ஒருத்தர் குரல் பொருந்துது. இங்கிலீஷ்ல அதே ரோல ஜோசஃப் கார்டன்-லெவிட் நல்லா நடிச்சுப் பேசறார். நல்லா நடிச்சதுதான் எனக்குக் குறையாப் பட்டுது. ஜப்பான் குரல்ல இருந்த அந்த அசட்டுத்தனமான நேர்மை அதுல இல்ல.

ஹவுல்ஸ் மூவிங் காசில்ல இன்னொரு விஷயம் நடந்துச்சு. சோஃபி 18 வயசுப் பொண்ணு, சாபத்தால 90 வயசுக் கெழவி ஆயிடறா. ஜப்பான்ல சியேகோ பைஷோ ஒருத்தரே ரெண்டு வயசுக்கும் பேசினாங்க. இங்கிலீஷ்ல ரெண்டாப் பிரிச்சாங்க, இளவயசுக்கு எமிலி மார்ட்டிமர், முதுமைக்கு ஜீன் சிம்மன்ஸ். ஜீன் சிம்மன்ஸ் குரல் எனக்கு அவ்ளோ புடிக்கும், அந்தக் கெழவி தன் முட்டி வலியப் பத்திப் புலம்பறப்ப நெஜமாவே வயசானவங்க பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். ஆனா அந்தப் படத்துல சோஃபி ஒரேயடியா கெழவியா இருக்கறதில்ல. தூங்கறப்ப பொண்ணா மாறுவா, தைரியமாப் பேசறப்ப கொஞ்சம் வயசு கொறையும், வெக்கப்பட்டு தன்னத் தானே தாழ்த்திக்கிட்டா திரும்பவும் சுருங்கிடுவா, ஒரே சீன்லயே மாறுவா. ஒரே ஆள் பேசினா அது அவ மனசு மாறறது, ரெண்டு பேர் பேசினா எங்க வெட்டினாங்கன்னு காது தேட ஆரம்பிச்சிடுது. எது சரின்னு கேட்டா எனக்கு ஜப்பான் முடிவுதான் சரி, ஆனா டிவிடில எத்தனையோ தடவ நான் போடறது இங்கிலீஷ் ட்ராக், ஜீன் சிம்மன்ஸுக்காக.

ஸ்டார்னாலே வேஸ்ட்டுன்னும் இல்ல. 2023ல தி பாய் அண்ட் த ஹெரான் இங்கிலீஷ் டப்ல அந்த நாரைக்கு ராபர்ட் பேட்டின்சன். பேர சொல்லாமப் போட்டுக் காட்டினா ஒருத்தரும் கண்டுபுடிக்க மாட்டாங்க, தொண்டைல ஏதோ சிக்கின மாதிரி ஒரு அருவருப்பான குரல்.

நான் இதவிட முக்கியமா நெனைக்கறது வேற ஒண்ணு. எ சைலன்ட் வாய்ஸ் படம் பாத்திருக்கீங்களா? ஷோகோங்கற பொண்ணுக்குக் காது கேக்காது. ஜப்பான்ல சஓரி ஹயாமி பேசினாங்க, அருமையான நடிகை, காது கேக்கறவங்க. இங்கிலீஷ் டப்ல லெக்ஸி கௌடன், அவங்க காது கேளாத நடிகை. ஷோகோ தன் மனசுல இருக்கறத வாயால சொல்லப் பாக்கற ஒரு சீன், எதிர்ல இருக்கறவனுக்கு அது வேற வார்த்தையாக் கேக்குது. அந்த எடத்துல அவங்க குரல் எப்படி முயற்சி பண்ணுது, எங்க தடுக்குது, எங்க மூச்சு மட்டும் வருது, அது நடிப்பா இல்லயான்னு யோசிக்கவே எனக்குத் தோணல. என் நெருங்கின சொந்தத்துல ஒருத்தருக்குக் காது கேக்காது, அதனால எனக்கு அந்தப் பேச்சு பழக்கம். காது கேக்கறவங்க எவ்ளோ நல்லா நடிச்சாலும் ஒரு எடத்துல அது செஞ்சு காட்டறதாத் தெரிஞ்சிடும். லெக்ஸி கௌடன் பேசினதுல அது இல்ல. மொத தடவ பாத்தப்ப படத்த நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

டைரக்டர் சத்தோஷி கோனோட டோக்கியோ காட்ஃபாதர்ஸ் அந்த மாதிரிதான், படம் 2003ல வந்துச்சு, அமெரிக்கால இங்கிலீஷ் டப் 2020லதான் வந்துச்சு, ஹனாங்கற திருநங்கை கேரக்டருக்கு ஷகீனா நேஃபாக்ங்கற திருநங்கை நடிகையே பேசினாங்க. அங்க இத்தன வருஷம் டப் வராம இருந்ததே நல்லதுக்குத்தான்னு தோணுச்சு. முன்னாடியே வந்திருந்தா ஹனாவ ஒரு கேலிக் குரலா ஆக்கிருப்பாங்களோன்னு எனக்கு பயம்.

அப்புறம் பெல்ங்கற படம், 2021. அதுல வர்ற பொண்ணு பேசணும், பாடவும் செய்யணும், பாட்டுதான் மொத்தக் கதையும். இங்கிலீஷ்ல கைலி மெக்நீல்னு ஒரு புதுமுகத்தக் கண்டுபுடிச்சுப் பேச்சு, பாட்டு ரெண்டையும் அவங்க கையிலயே குடுத்தாங்க. பேச்சுக்கு ஒருத்தர், பாட்டுக்கு ஒருத்தர்னு பிரிச்சிருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும். கூச்சப்பட்டு வாய்க்குள்ளயே பேசற அதே தொண்டைலேர்ந்துதான் அந்தப் பாட்டும் வருதுன்னு நாம நம்பறதுக்குக் காரணமே அது பிரிக்கப்படாததுதான். சப்_போதும், உங்க புது ஆளுங்க கேள்விக்கு இது ஒரு பதில், கேட்டுப் பாருங்க.

---

சப்_போதும்

பெல் சப்ல பாத்தேன், ரொம்ப புடிக்கும். இங்கிலீஷ் ட்ராக் போட்டுப் பாக்கறேன் அக்கா. எ சைலன்ட் வாய்ஸும்.

---

ராத்திரி_எபிசோட்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு கேள்விக்கு இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. தென்திசை சொன்ன மாப் சைக்கோ விஷயம் படிச்சிட்டு வருத்தமா இருந்துச்சு, நான் மூணாவது சீசன் பாத்தப்ப "இந்த ஆளு ஏன் வந்தார்"னு அந்தப் புது நடிகர் மேலதான் எரிச்சல் பட்டேன், அது தப்பு. டெஸ்க் அண்ணே சொன்ன மாதிரி நேத்து ஒரு எபிசோட கண்ண மூடிட்டு கேட்டுப் பாத்தேன், ஆறு பேர் பேசறாங்க, ஆறையும் பிரிக்க முடிஞ்சுது, இத இத்தன நாள் கவனிச்சதே இல்ல.

@கவசம்12 அந்த இளவயசு ஹோஹென்ஹைம் எந்த எபிசோட்ல வர்றார்? தங்கச்சிகிட்ட எதுவும் சொல்லல.

---

கவசம்12

40வது எபிசோட். சொல்லாதீங்க, அவங்களே கேக்கட்டும். கதையப் பத்தி நான் இதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேன்.

---

ராத்திரி_எபிசோட்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். நேத்து ராத்திரி 40 பாத்தோம். மேக்ஸி வைட்ஹெட் குரல் அவளுக்கு எப்பவோ பழகிடுச்சு, இப்ப அதுதான் அல்னு சொல்றா. ஹோஹென்ஹைம் சின்ன வயசு ஃப்ளாஷ்பேக் ஓடுது, நான் ஸ்க்ரீனப் பாக்கல, அவ மூஞ்சியதான் பாத்துட்டு இருந்தேன். ஒரு ரெண்டு நிமிஷம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் ரிமோட்ட எடுத்து நிறுத்திட்டு, "அண்ணே, இவன் பேசறது எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு, ஆனா அப்ப சின்னப் பையனா இருந்தான்"ன்னா.